வீட்டிலேயே காருக்குக் காற்று அடிக்க எந்த பம்ப் வாங்கலாம்?

கேள்வி இதுதான்: சென்னையில் அடுக்குமாடி வீடு, கீழே பார்க்கிங், ஒரு ஹேட்ச்பேக் கார், ஒரு ஸ்கூட்டர். ஒவ்வொரு முறையும் பங்க்குக்குப் போகாமல் வீட்டிலேயே காற்று அடிக்க ஒரு சிறிய பம்ப் வாங்க வேண்டும். 1,500 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் வரை ஏகப்பட்ட மாடல்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் 150 பி.எஸ்.ஐ (காற்றழுத்தத்தின் அலகு) என்று போட்டிருக்கிறது. ஒயர் உள்ளதை வாங்குவதா, சார்ஜ் போடுவதை வாங்குவதா, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

உங்களுக்குக் காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் ஒயர் பம்ப் போதும். கூடவே சில நூறு ரூபாய்க்குத் தனியாக ஒரு பிரஷர் கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் கடைக்குப் போகும் முன் காரின் டிக்கியைத் திறந்து பாருங்கள். டயூப்லெஸ் டயரும் டயர் பிரஷர் எச்சரிக்கை வசதியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே காரை விற்கலாம் என்று 2020-ல் நம் நாட்டில் விதி மாறியது. அதற்குப் பிறகு சில மின்சார கார்களிலும் சி.என்.ஜி கார்களிலும் ஸ்டெப்னிக்குப் பதில் ஒரு கிட்தான் வருகிறது. அதில் ஓட்டையடைக்கும் திரவப் புட்டியோடு ஒரு சின்ன கம்ப்ரசரும் இருக்கும். திரவத்தைச் சேர்க்காமல் வெறும் காற்று அடிக்கவும் பெரும்பாலும் அதைப் பயன்படுத்தலாம். காரோடு வந்த கையேட்டில் எப்படி என்று போட்டிருப்பார்கள். உங்களிடம் அது இருந்தால் கேஜ் மட்டும் வாங்கினால் போதும், பணம் மிச்சம்.

இல்லையென்றால் தொடர்ந்து படியுங்கள்.

வீட்டில் பம்ப் வைத்துக்கொள்வதன் பெரிய லாபம் நேரம் மிச்சமாவது இல்லை. டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க முடிவதுதான். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சொல்லும் அளவு குளிர்ந்த டயருக்கான அளவு. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. பங்க் ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகிவிடும், உள்ளே அழுத்தமும் ஏறிவிடும். நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வந்தால் 4 முதல் 6 பி.எஸ்.ஐ வரை கூடக் காட்டும். 33 இருக்க வேண்டிய டயரில் குளிர்ந்த நிலையில் 29 தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பங்க்கில் அது 33 என்று காட்டும், சரியாக இருக்கிறது என்று திரும்பி வந்துவிடுவோம். பங்க்கில் காற்று இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி, அவசரத்துக்கு அது நல்ல வசதிதான். ஆனால் சூடான டயரில் எந்த மீட்டர் வைத்து அளந்தாலும் உங்களுக்கு வேண்டிய அளவு கிடைக்காது.

அதனால் பம்ப் வாங்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது அதில் இருக்கும் அளவு காட்டும் மீட்டர். காற்று எல்லா பம்பும் அடிக்கும். எவ்வளவு அடித்தோம் என்று சரியாகச் சொல்வதில்தான் மலிவானவை தவறுகின்றன.

டிஜிட்டல் திரையில் 32.5 என்று தசமப் புள்ளியோடு தெரிவதால் மட்டும் அது துல்லியம் ஆகிவிடாது. ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ தள்ளிக் காட்டும் பம்புகள் சகஜம். இன்னொரு விஷயம், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது திரையில் தெரிவது ஹோஸில் இருக்கும் அழுத்தம். டயருக்குள் இருப்பதைவிட அது கொஞ்சம் கூடுதலாக இருக்கும். பம்பை நிறுத்தி ஓரிரு விநாடி பொறுத்துப் பார்த்தால்தான் உண்மையான எண் தெரியும். தனி கேஜ் வாங்கச் சொன்னது இதற்காகத்தான். பம்ப் எப்போதும் 2 பி.எஸ்.ஐ கூடுதலாகக் காட்டினால் பிரச்சினை இல்லை, தெரிந்து வைத்துக்கொண்டு 33 வேண்டுமென்றால் 35 செட் செய்துவிடலாம். ஒரே டயரை மூன்று முறை அளந்து மூன்று முறையும் வேறு வேறு எண் வந்தால் அந்த பம்பைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வேண்டிய அளவை முன்கூட்டியே செட் செய்தால் தானாக நின்றுவிடும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாத பம்பை இன்றைக்கு வாங்கத் தேவையில்லை. திரையில் எந்த அலகு இருக்கிறது என்பதையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். 33 பி.எஸ்.ஐ என்பது கிட்டத்தட்ட 2.3 பார், 228 கிலோபாஸ்கல். கை தவறிப் பட்டனை அழுத்திவிட்டால் அலகு மாறிவிடும், அப்போது திரையில் தெரியும் எண்ணுக்கு அர்த்தமே வேறு.

இப்போது அந்த 150 பி.எஸ்.ஐ விஷயம். உங்கள் காருக்கு வேண்டியது பெரும்பாலும் 30-லிருந்து 36-க்குள். சில கார்களில் வரும் மெல்லிய தற்காலிக ஸ்டெப்னிக்கு மட்டும் 60 வேண்டும். அதற்கு மேல் வீட்டுக் காரில் எங்கும் தேவைப்படாது. 150 என்பது மோட்டார் முக்கி முக்கி எட்டக்கூடிய உச்சம், அவ்வளவுதான். அந்த எண்ணை வைத்து இரண்டு பம்புகளை ஒப்பிடுவதில் பயனில்லை.

வேகத்தைப் பற்றிய விளம்பரங்களும் அப்படித்தான். நிமிடத்துக்கு 35 லிட்டர், 40 லிட்டர் என்று போட்டிருப்பது பெரும்பாலும் எதிர்ப்பே இல்லாமல் திறந்த வெளியில் ஊதும்போது வரும் கணக்கு. டயருக்குள் அழுத்தம் ஏற ஏற அது பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ விழுந்துவிடும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 165/80 ஆர்14 போன்ற ஹேட்ச்பேக் டயருக்குள் சுமார் 28 லிட்டர் இடம் இருக்கிறது. ஒரு பி.எஸ்.ஐ ஏற்ற வெளிக்காற்று 2 லிட்டர் வேண்டும். மாதத்துக்கு ஒன்று, இரண்டு பி.எஸ்.ஐ தானாக இறங்குவது இயல்பு. ஆக, மாதாமாதம் பார்ப்பவருக்கு ஒரு டயருக்கு 4 லிட்டர்தான் தேவை. நிமிடத்துக்கு 15 லிட்டர் தள்ளும் சாதாரண பம்புக்கு அது 15, 20 விநாடி வேலை. முழுவதும் காற்று இறங்கிய டயரை 33-க்குக் கொண்டுவர 60 லிட்டருக்கு மேல் வேண்டும், நான்கைந்து நிமிடம் ஆகும். 215/60 ஆர்16 போட்ட சின்ன எஸ்.யு.வி என்றால் டயருக்குள் 40 லிட்டர், ஆறு நிமிடம் ஆகலாம். வீட்டு உபயோகத்துக்கு இந்த வேகம் தாராளம். இரண்டு நிமிடம் மிச்சப்படுத்த இரண்டாயிரம் ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம்.

வேகத்தைவிட முக்கியமானது, தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓடும் என்பது. இந்தச் சின்ன கம்ப்ரசர்கள் சீக்கிரம் சூடாகும். 10 நிமிடம் ஓட்டினால் 20 நிமிடம் ஆறவிடுங்கள் என்கிற மாதிரி ஒரு வரி கையேட்டில் எங்காவது சின்ன எழுத்தில் இருக்கும், வாங்கும் முன் தேடிப் படியுங்கள். 8 நிமிடம், 10 நிமிடம் என்று போட்டிருந்தால் பஞ்சரான ஒரு டயரை நிரப்பிவிட்டு ஓய்வு கொடுக்க வேண்டியிருக்கும். 15 நிமிடத்துக்கு மேல் என்றால் நல்லது. சிலிண்டர் உலோகத்தால் ஆனதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் சிலிண்டர் சூட்டில் சீக்கிரம் தேய்ந்து, ஒரு வருடத்தில் சத்தம் மட்டும் வரும், காற்று வராது. கையில் எடுத்தாலே ஓரளவு தெரியும். நல்ல பம்ப் அதன் அளவுக்குக் கனமாக இருக்கும்.

அடுத்து ஒயரா, பேட்டரியா என்பது. சார்ஜ் போடும் பம்ப் பார்க்க அழகு, எடுத்துக் கையாளவும் சுலபம், அதை மறுக்க முடியாது. ஆனால் விளம்பரத்தில் 6000 எம்.ஏ.எச் என்று போட்டிருப்பது பல நேரம் 2000 கொண்ட மூன்று செல்களைக் கூட்டிச் சொன்ன எண். அந்த மூன்றும் சேர்ந்து தருவது சுமார் 22 வாட்-மணி. மோட்டார் 80 முதல் 100 வாட் இழுக்கும். வகுத்துப் பாருங்கள், பேட்டரி புதிதாக இருக்கும்போதே மொத்தம் 13-லிருந்து 16 நிமிடம்தான் ஓடும். மாதாந்தரக் காற்றுக்கு இது போதும். நெடுஞ்சாலையில் டயர் இறங்கி நிற்கும்போது, கடைசியாக எப்போது சார்ஜ் போட்டோம் என்று நினைவில்லாத நிலையில், போதாமல் போகலாம். வாங்குவதென்றால் எம்.ஏ.எச் எண்ணை விட்டுவிட்டு வாட்-மணி எவ்வளவு என்று பாருங்கள்.

நம் ஊர் வெயிலும் ஒரு காரணம். மே மாதம் மதியம் வெட்டவெளியில் நிற்கும் காரின் உள்ளே 60 டிகிரியைத் தொடும், டேஷ்போர்டு மேல் அதற்கும் மேலே போகும். லித்தியம் பேட்டரிக்கு அந்தச் சூடு ஆகவே ஆகாது. ஆயுள் குறையும், மோசமான நேரத்தில் ஆபத்தாகவும் முடியலாம். எனவே பேட்டரி பம்பை வீட்டுக்குள்தான் வைக்க வேண்டும். வீட்டில் வைத்துவிட்டால் வழியில் தேவைப்படும்போது கையில் இருக்காது. ஒயர் பம்பில் இந்தத் தொல்லை இல்லை. டிக்கியில் போட்டுவிட்டு மறந்துவிடலாம், ஆறு மாதம் கழித்து எடுத்தாலும் வேலை செய்யும். பேட்டரி பம்ப் யாருக்கு என்றால், வீட்டில் நான்கைந்து வண்டிகள் வேறு வேறு இடத்தில் நிற்பவர்களுக்கு. பைக்கோ சைக்கிளோ மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் அது பொருந்தும். அவர்களும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் பார்க்க வேண்டும், முழுக்க வற்றிக் கிடந்தால் பேட்டரி கெட்டுவிடும்.

ஒயர் பம்பில் இரண்டு விஷயம் சரிபார்க்க வேண்டும். ஒன்று, அது இழுக்கும் மின்சாரம். காரின் 12 வோல்ட் சாக்கெட் மூடியிலேயே பல கார்களில் 120 வாட் என்று எழுதியிருக்கும், அதாவது 10 ஆம்பியர். சில கார்களில் 15 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும். பம்ப் இதற்குள் இருந்தால் சரி. இரட்டை சிலிண்டர் கொண்ட பெரிய பம்புகள் இதைத் தாண்டும். அவற்றை பானெட்டைத் திறந்து நேராக பேட்டரியில் கிளிப் மாட்டித்தான் ஓட்ட வேண்டும். ஹேட்ச்பேக்குக்கு அது தேவையில்லை. இரண்டாவது, ஒயரின் நீளம். முன்னால் கியர் பக்கத்தில் இருக்கும் சாக்கெட்டிலிருந்து கதவு வழியாகப் பின் சக்கரம் வரை வர 3 மீட்டராவது வேண்டும். ஹோஸையும் சேர்த்து நீளம் சொல்லி விற்பார்கள், பிரித்துக் கேளுங்கள்.

வீட்டு பிளக்கில் ஒரு அடாப்டர் போட்டு இந்த 12 வோல்ட் பம்பை ஓட்டலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். வைஃபை ரவுட்டருக்கு வரும் அடாப்டர் தருவது 1 அல்லது 2 ஆம்பியர். பம்புக்கு 8, 10 வேண்டும். ஓடாது, அடாப்டர்தான் கருகும்.

பம்ப் ஓடும்போது இன்ஜினை ஆன் செய்து வைப்பது நல்லது, பேட்டரி இறங்காது. அது காற்றோட்டமான பார்க்கிங்காக இருக்க வேண்டும். கதவு சாத்திய ஷெட்டிலும் அடைத்த பேஸ்மென்ட்டிலும் இன்ஜினை ஓடவிடாதீர்கள், புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். நான்கு டயருக்கும் ஒரு நிமிடம் ஒரு நிமிடமாக அடிப்பதற்கு நல்ல பேட்டரி இன்ஜின் ஓடாமலே தாங்கும்.

வால்வில் மாட்டும் முனை இரண்டு விதம். திருகி மாட்டுவது ஒன்று, நெம்புகோல் போல அமுக்கிப் பூட்டுவது இன்னொன்று. நான் திருகு முனையைத்தான் சொல்வேன். கழற்றும்போது புஸ்ஸென்று கொஞ்சம் காற்று போகும், அதற்காக ஒரு பி.எஸ்.ஐ கூட்டி செட் செய்துகொள்ளலாம். ஆனால் பிடி உறுதி, தேய்மானம் குறைவு. நெம்பு முனையில் உள்ளிருக்கும் ரப்பர் தளர்ந்தால் காற்று கசியத் தொடங்கும். வீல் கேப் போட்ட சக்கரங்களில் அந்தப் பெரிய தலை உள்ளே நுழையவும் சிரமப்படும். ஐந்து நிமிடம் ஓடிய பிறகு பித்தளை முனை கையைச் சுடும், துணி வைத்துப் பிடித்துக் கழற்றுங்கள்.

உங்கள் ஸ்கூட்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பல ஸ்கூட்டர்களில் முன் டயருக்கு 22 பி.எஸ்.ஐதான். டயரும் சின்னது, உள்ளே நான்கைந்து லிட்டர்தான் இருக்கும். கார் பம்ப் அதில் விநாடிக்கு ஒரு பி.எஸ்.ஐ வீதம் ஏற்றிவிடும். காருக்கு வைத்த 33 அப்படியே இருக்கும் நிலையில் பட்டனைத் தட்டிவிடாதீர்கள். ஸ்கூட்டரைக் கார் பக்கத்தில் நிறுத்தினால் ஒயர் எட்டும், தனி பம்ப் வேண்டாம். வீட்டில் பழைய மாடல் சைக்கிள் இருந்தால் அதன் வால்வு வேறு, கார் முனை பொருந்தாது. அடாப்டர் போட்டாலும் அந்த வால்வுக்குள் இருக்கும் ரப்பர் காரணமாக மீட்டர் சரியாகக் காட்டாது. அதற்குக் கை பம்பும் விரலால் அமுக்கிப் பார்ப்பதும்தான் வழி.

இந்த பம்பால் முடியாத வேலைகளும் உண்டு. டயூப்லெஸ் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிட்டால் அதை மறுபடி உட்கார வைக்க ஒரேயடியாக நிறையக் காற்று வேண்டும், அது பஞ்சர் கடைக் கம்ப்ரசருக்குத்தான் முடியும். ஆணி குத்தி மெதுவாக இறங்கும் டயரில் காற்றடித்து அருகிலிருக்கும் கடை வரை போய்ச் சேரலாம், அதற்கு இது உண்மையிலேயே கைகொடுக்கும். ஆனால் மூன்று டயரில் அளவு அப்படியே இருக்க, ஒன்றில் மட்டும் வாரத்துக்கு 3, 4 பி.எஸ்.ஐ இறங்கினால் தினமும் அடித்துச் சமாளிக்கக் கூடாது. வால்விலும் டயர் முழுக்கவும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி வருகிற இடத்தைக் கடையில் காட்டுங்கள். குறைந்த காற்றில் ஓடும் டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

டயர் பிரஷர் எச்சரிக்கை விளக்கு காரில் இருக்கிறதே, அது போதாதா என்றால், பல கார்களில் அது எரிவது அளவு 20, 25 சதவீதம் குறைந்த பிறகுதான். 33 இருக்க வேண்டியது 25, 26-க்கு வந்த பிறகு கிடைக்கும் எச்சரிக்கை அது.

எவ்வளவு அடிப்பது என்பதற்கு டயரின் பக்கச் சுவரில் இருக்கும் 44 அல்லது 51 என்ற எண்ணைப் பார்க்காதீர்கள். அது டயர் தாங்கும் உச்ச அளவு. கதவு ஸ்டிக்கர்தான் கணக்கு. அதில் ஆள் குறைவாகப் போவதற்கு ஒன்று, முழுச் சுமையோடு போவதற்கு ஒன்று என்று இரண்டு அளவு இருக்கலாம். ஐந்து பேரும் பெட்டிகளுமாக ஊருக்குப் போகிறீர்கள் என்றால் முந்தின நாள் காலையில் இரண்டாவது அளவுக்கு ஏற்றுங்கள். காலை வெயில் ஒரு பக்கம் விழுந்தால் அந்தப் பக்க டயர்கள் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ கூடக் காட்டும், அதனால் நிழலில் இருக்கும்போதே அளப்பது நல்லது. வழியில் சூடான டயரில் 38 காட்டுகிறதே என்று காற்றைத் திறந்துவிடாதீர்கள். மறுநாள் காலை அது 30-க்குக் கீழே வந்துவிடும்.

மலைக்குப் போகிறவர்கள் கேட்பதால் இதையும் சொல்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறினால் கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரம். வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 3 பி.எஸ்.ஐ குறைவதால் மீட்டர் அந்த அளவு கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் மேலே 15, 20 டிகிரி குளிர் அதிகம். அதனால் டயருக்குள் ஏறக்குறைய அதே அளவு இறங்கிவிடும். இரண்டும் ஒன்றையொன்று சரிசெய்துகொள்ளும். ஊட்டிக்காகத் தனியாகக் காற்றைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், கீழே குளிர்ந்த நிலையில் சரியாக அடித்துவிட்டுப் போனால் போதும்.

ஆக, நீங்கள் தேட வேண்டியது: 12 வோல்ட், 120 வாட்டுக்குள், உலோக சிலிண்டர், தானாக நிற்கும் வசதி, திருகு முனை, 3 மீட்டர் ஒயர், 15 நிமிடம் தொடர்ந்து ஓடும் திறன். இவை எல்லாம் 2,000-லிருந்து 3,500 ரூபாய்க்குள் கிடைக்கும். டார்ச் லைட், பந்துக்குக் காற்றடிக்கும் ஊசி எல்லாம் இருந்தால் இருக்கட்டும், அவற்றுக்காகக் கூடுதல் விலை வேண்டாம். இணையத்தில் விமர்சனம் படிக்கும்போது வாங்கிய மறுநாள் எழுதியவற்றைத் தள்ளிவிட்டு, ஆறு மாதம், ஒரு வருடம் பயன்படுத்தியவர்கள் எழுதியதைப் படியுங்கள். ஒரு நாள் பம்ப் திடீரென்று உயிரே இல்லாமல் போனால் தூக்கிப் போடும் முன் சாக்கெட்டில் செருகும் பிளக்கின் நுனியைத் திருகித் திறந்து பாருங்கள். பெரும்பாலான பம்புகளில் உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி ஃபியூஸ் இருக்கும். அது போயிருந்தால் அதே ஆம்பியரில் புதியது போட்டுக்கொள்ளலாம், மிகக் குறைந்த செலவு. பிளக்கின் ஃபியூஸ் நன்றாக இருந்தும் பம்ப் ஓடாவிட்டால் காரின் ஃபியூஸ் பெட்டியிலும் அந்த சாக்கெட்டுக்கான ஃபியூஸைப் பாருங்கள்.

பம்ப் வந்து சேர்ந்ததும் பெட்டியோடு டிக்கியில் வைத்துவிடாதீர்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் ஒரு காலை நேரத்தில் சோதித்துவிடுங்கள். ஸ்டெப்னியில் காற்றை 15 பி.எஸ்.ஐ வரை இறக்கி, 33 செட் செய்து ஓடவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் ஏற வேண்டும், தானாக நிற்க வேண்டும், நின்ற பிறகு தனி கேஜில் அளந்தால் 2 பி.எஸ்.ஐக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஒயர் நான்கு சக்கரத்துக்கும் எட்டுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். தற்காலிக ஸ்டெப்னி உள்ள கார் என்றால் கடைசியில் அதை 60 வரை ஏற்றிப் பாருங்கள். மலிவான பம்ப் பெரும்பாலும் அங்கேதான் திணறும்.